நேரே போவதற்கும் ஒரு விளக்கு

மாமனாரின் காரை அந்தத் தெருவில் யாரும் கார் என்று சொல்வதில்லை. ‘கல்யாண மண்டபம் வருது, ஒதுங்குங்க’ என்றுதான் சொல்வார்கள். முன்னால் இருக்கிற இரண்டு பெரிய விளக்குகள் வண்டியோடு வந்தவை. அதற்குக் கீழே இரண்டு மஞ்சள் விளக்குகள், கூரைமேல் ஒரு முழ நீளத்துக்கு வெள்ளைப் பட்டை, நம்பர் பிளேட்டைச் சுற்றி நீலம், பின்கண்ணாடிக்குள் ஒரு சிவப்பு. இதெல்லாம் அவராகப் போட்டவை. ஆயுசு முழுக்க மின்விளக்குக் கடை நடத்திவிட்டு ஓய்ந்தவர். ஊருக்கெல்லாம் பல்பு விற்ற மனுஷன், கடையை மூடிய பிறகு மிச்சமிருந்த சரக்கையெல்லாம் தன் வண்டியிலேயே மாட்டிக்கொண்டார் என்று மாமியார் சொல்வாள்.

அன்றைக்கு மருமகளுக்கு டிரைவிங் டெஸ்ட். விடிந்ததிலிருந்தே பனி. வாசலில் நின்று பார்த்தால் எதிர்வீட்டைக் காணோம். கேட்டைத் திறக்கப் போன மாமியார் கேட்டைத் தேடினாள்.

“டெஸ்ட் நடக்குமா அத்தை?” என்றாள் மருமகள்.

“நடக்கும்னு போன்ல சொன்னாங்களே. அந்த ஆபீஸர் புயல்லயே டெஸ்ட் வைப்பாராம். பெருமை பேசறாங்க.”

“இன்னைக்குப் போச்சுன்னா அடுத்த தேதி மழைக்காலம் முடிஞ்சப்புறம்தான்.”

“போகாது. வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இரு.”

மருமகள் நர்ஸ். ஆஸ்பத்திரி வார்டில் இரவும் பகலும் மாறி மாறி வேலை பார்த்து அலுத்துப்போனவளுக்கு, இப்போது ஒரு நல்ல வேலை வாய்த்திருந்தது. படுக்கையில் கிடக்கிறவர்களை அவரவர் வீட்டுக்கே போய்ப் பார்த்து, புண்ணுக்குக் கட்டுப் போட்டு, ஊசி போட்டுவிட்டு வருகிற வேலை. வண்டி அவர்கள் கொடுப்பார்கள். லைசென்ஸ் இவள் கொண்டுவர வேண்டும். திங்கட்கிழமை கையில் லைசென்ஸோடு போய் நிற்காவிட்டால் அந்த இடத்துக்கு இன்னொருத்தி தயாராக இருந்தாள்.

ஏற்கெனவே ஒரு தடவை தோற்றாயிற்று. திரும்புவதற்கு இண்டிகேட்டர் போடுகிறேன் என்று வைப்பரைப் போட்டுவிட்டாள். வெயில் கொளுத்துகிற நாள். காய்ந்த கண்ணாடியில் அது கீச்கீச்சென்று போய்ப் போய் வந்தது. இவள் பதற்றத்தில் அதை நிறுத்துவதற்குப் பதில் தண்ணீரையும் பீய்ச்சிவிட்டாள்.

“லைசென்ஸ் கிடைக்கலேன்னா என்னம்மா, நான் எதுக்கு இருக்கேன்?” என்று மாமனார் அன்றைக்கு ஆறுதல் சொல்லியிருந்தார். “ஒவ்வொரு நோயாளி வீட்டுக்கும் நானே கொண்டு விடறேன்.”

“நீங்க கொண்டு விட்டா வழியிலயே புதுசா நாலு நோயாளி சேருவாங்க” என்றாள் மாமியார்.

மருமகளுக்குத் தூக்கம் போனது தோற்றதால் இல்லை, இந்த ஆறுதலால்தான். புருஷன் வெளியூர் வேலையில் இருந்தான். தினமும் அந்தக் கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்து, மாமனாரின் உபதேசம் கேட்டுக்கொண்டு, வீடு வீடாகப் போய் இறங்குவதை நினைத்தால் அவளுக்குப் பழைய வார்டே தேவலை போலிருந்தது.

மூன்று பேரும் ஏறினார்கள். மாமனார் ஸ்டியரிங்கைப் பிடித்தார். பக்கத்தில் மருமகள், பின்னால் மாமியார்.

“அம்மாடி, இன்னைக்கு உனக்கு நல்ல பாடம். கவனிச்சுக்கோ. பனியில முதல்ல என்ன பண்ணணும்?”

“வேகத்தைக் குறைக்கணும் மாமா.”

“அது பயந்தாங்கொள்ளி பண்றது. முதல்ல வெளிச்சம்!”

பெரிய விளக்கின் வெளிச்சத்தை மேல்நோக்கித் தூக்கிப் போட்டார். கூரைப் பட்டையையும் போட்டார். அவ்வளவுதான், அதுவரைக்கும் கொஞ்சம் தெரிந்துகொண்டிருந்த ரோடும் மறைந்து, வண்டியின் மூக்குக்கு நேரே ஒரு வெள்ளைச் சுவர் எழும்பி நின்றது.

“ஏங்க, யாரோ ரோட்டுக்குக் குறுக்கே போர்வை காயப் போட்டிருக்காங்க” என்றாள் மாமியார்.

“அது பனி.”

“இவ்வளவு நேரம் தள்ளித்தானே இருந்துச்சு? நீங்க லைட்டைப் போட்டப்புறம்தான் கிட்ட வந்துச்சு.”

“உனக்கு ஒண்ணும் தெரியாது. வெளிச்சம் கூடினா இருட்டு ஓடும். நான் முப்பது வருஷமா வித்தது என்ன, வெண்டைக்காயா?”

“மாமா, கீழே இறக்கிப் போட்டா வெளிச்சம் ரோட்டுல விழும்னு புத்தகத்துல போட்டிருக்கு. மேலே அடிச்சா பனியில பட்டு நம்ம கண்ணுக்கே திரும்புமாம்.”

“புத்தகம் எழுதினவன் பனியைப் பார்த்திருக்கானா?”

“நீங்களும் இப்ப பனியை மட்டும்தான் பார்க்கறீங்க. ரோட்டைப் பார்க்கலையே” என்றது பின்சீட்.

எதிரே வந்த ஒரு வேன்காரன் கண்கூசிப்போய், கண்ணாடியை இறக்கி, மாமனாரின் அப்பாவிலிருந்து தொடங்கி விசாரித்துவிட்டுப் போனான். “அவனுக்குப் பொறாமை” என்றார் மாமனார்.

அவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. அன்றைக்கு அந்த ரோட்டில் வந்த ஒவ்வொருத்தருக்கும் ஒரு சொந்தக் கொள்கை இருந்தது. சாம்பல் நிறக் கார் ஒன்று, ஒரு பொட்டு விளக்கும் இல்லாமல், பனிக்குள்ளிருந்து பேய் மாதிரி வெளிப்பட்டு உரசிக்கொண்டு போனது. பகல்தானே, பகலில் எதற்கு விளக்கு என்பது அந்த வண்டிக்காரரின் கட்சி. ஒரு லாரி முன்விளக்கை விட்டுவிட்டு, டிரைவர் தலைக்கு மேலே பச்சையும் ஊதாவுமாக மட்டும் எரியவிட்டுக்கொண்டு வந்தது. ஒரு மோட்டார் சைக்கிள்காரன் விளக்கே போடவில்லை, ஆனால் வாயில் சிகரெட் கனன்றது. அவனைப் பொறுத்தவரை அதுவே போதும்.

நாற்சந்தி வந்தது. வந்தது என்பதை ஹாரன் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. மாமனார் சிவப்பு முக்கோணம் போட்ட பொத்தானை அழுத்தினார். வண்டியின் நாலு மூலையிலும் இண்டிகேட்டர் சிமிட்டத் தொடங்கியது.

“இது எதுக்கு மாமா?”

“நேரா போறேன்னு அர்த்தம்.”

“நேரா போறதுக்கா?”

“யோசிச்சுப் பாரும்மா. இடது பக்கம் போறவனுக்கு இடது லைட் இருக்கு. வலது பக்கம் போறவனுக்கு வலது லைட் இருக்கு. நேரா போறவன் மட்டும் என்ன பாவம் பண்ணினான்? அவனுக்கும் ஒண்ணு வேணாமா? அதான் ரெண்டையும் போட்டா நேரா.”

“ஒண்ணுமே போடாம நேரா போனா என்னவாம்?” என்றாள் மாமியார்.

“எங்கே போறான்னு எப்படித் தெரியும்?”

“நேரா போறான்னு தெரியும்.”

மாமனார் நாலு விளக்கும் சிமிட்ட நேராகப் போனார்.

டெஸ்ட் ஆபீஸ் ஒரு பழைய சேமிப்புக் கிடங்கு மாதிரி இருந்தது. உள்ளே ஒரு மேஜை, காத்திருக்கிறவர்களுக்கு நீள பெஞ்சு, சுவரில் போக்குவரத்துச் சின்னங்கள் நிறம் மங்கிக் கிடந்தன. மற்ற யாரும் வரவில்லை. பனியைப் பார்த்துவிட்டு எல்லாரும் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். தேர்வு அதிகாரி காதைச் சுற்றி மஃப்ளர் கட்டி, கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு மேல் தூக்கிவிட்டுக்கொண்டு, டம்ளரை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

“நீங்கதானே வைப்பர் போட்டவங்க?”

“ஆமா சார்.” இவளுக்கு முகம் சுருங்கிப்போயிற்று.

“இன்னைக்குப் போட்டா தப்பில்லை. பனி ஈரம் இருக்கு.” அவருக்கே சிரிப்பு வந்தது. “சரி, வாய்க்கேள்வி ஒண்ணு. பனியில என்ன லைட் போடுவீங்க?”

“ஹெட்லைட்டைக் கீழே இறக்கிப் போடுவேன் சார். முன்னாடி ஃபாக் லைட் இருந்தா அதையும். பின்னாடி ஃபாக் லைட்டை, பனி ரொம்ப மோசமா இருந்தா மட்டும்.”

“டபுள் இண்டிகேட்டர், நாலும் சிமிட்டறது?”

“வண்டி பழுதாகி நின்னா போடணும் சார். ஓடும்போது போட்டா எந்தப் பக்கம் திரும்பறோம்னு காட்ட முடியாதுன்னு...”

“எவன் சொன்னான்?”

“புத்தகத்துல சார்.”

“எந்தப் புத்தகத்துல?”

மருமகள் பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். அந்த ஆபீஸே போட்டு, அந்த ஆபீஸிலேயே விற்ற புத்தகம். முதல் பக்கத்தில் அதே மஃப்ளரோடு அவருடைய படம், கீழே அவருடைய வாழ்த்துரை.

அதிகாரி படத்தைக் கொஞ்ச நேரம் பிரியமாகப் பார்த்தார். “வாழ்த்துரை நான்தான் எழுதினேன். மீதியெல்லாம் யாரோ எழுதினது. அதெல்லாம் படிக்கிறதுக்கும்மா. ஓட்டறதுக்கு இல்லை. வாங்க, வண்டி எடுங்க.”

பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாமனார் இதைக் கேட்டுவிட்டு மாமியாரை முழங்கையால் இடித்தார். “பார்த்தியா? படிச்ச மனுஷன்!”

“எதைப் படிச்சார்? அவர் படத்தை மட்டும்தானே பார்த்தார்.”

ஆபீஸுக்குச் சொந்தமான வெள்ளைக் காரில் மருமகள் ஏறினாள். சீட்டை நகர்த்தினாள், கண்ணாடியைத் திருப்பினாள், பெல்ட் போட்டாள். இண்டிகேட்டர் எது, வைப்பர் எது என்று ஸ்டியரிங்குக்கு இரண்டு பக்கமும் இருந்த பிடிகளை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். ஹெட்லைட்டை இறக்கிப் போட்டாள். ரோட்டின் விளிம்புக் கோடு கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு போனால் போதும் என்று வண்டியை மெல்ல நகர்த்தினாள்.

“டபுள் இண்டிகேட்டர் போடுங்க” என்றார் அதிகாரி.

“சார், வண்டி நிக்கலையே. ஓடுதே.”

“பனியில ஓடற வண்டியும் நிக்கற வண்டியும் ஒண்ணுதான். போடுங்க.”

ஆஸ்பத்திரியில் டாக்டர் தப்பான மருந்தை எழுதினால், ‘டாக்டர், இன்னொரு தடவை பாருங்களேன்’ என்று மென்மையாகச் சொல்லித் திருத்துகிற சாமர்த்தியம் மருமகளுக்கு உண்டு. இங்கே அது நடக்காது. டாக்டர் கையில் நோயாளிதான் இருப்பான். இந்த ஆள் கையில் இவளுடைய திங்கட்கிழமை இருந்தது. பொத்தானை அழுத்தினாள். டக், டக், டக் என்று வண்டி துடிக்க ஆரம்பித்தது. வார்டில் மோசமான கேஸ் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போலவே அவளுக்கு இருந்தது.

கொஞ்ச தூரம் போனதும் கண்ணாடி முழுக்க வெளிச்சம் பாய்ந்தது. மஞ்சள், வெள்ளை, நீலம். வண்டிக்குள் ஒரு நாடக மேடை மாதிரி ஆகிவிட்டது. அதிகாரி நெற்றியிலிருந்த கறுப்புக் கண்ணாடியை இறக்கிக்கொண்டார்.

“யாருய்யா அது பின்னால? சூரியனைக் கட்டி இழுத்துக்கிட்டு வர்றான்?”

மருமகளுக்கு யாரென்று தெரிந்துவிட்டது. துணைக்கு வருகிறேன் என்று மாமனார் சொல்லவில்லை. ஆனால் அவர் சொல்லாமலேயே செய்கிறவர்.

“தெரியலை சார்.”

“இந்த மாதிரி ஆளுங்களை எல்லாம் உள்ள தூக்கிப் போடணும்.”

“ஆமா சார்” என்றாள் மருமகள். அன்றைக்கு அவள் மனதாரச் சொன்ன முதல் பதில் அதுதான்.

பின்னால் வந்த வண்டிக்குள் மாமியார் கேட்டுக்கொண்டிருந்தாள். “எதுக்குங்க இவ்வளவு ஒட்டிக்கிட்டுப் போறீங்க?”

“தள்ளிப் போனா அவ வண்டி தெரியாது.”

“தெரியாட்டா என்ன, அவ என்ன ஓடியா போயிடுவா?”

“பாரு, நாலு லைட்டும் போட்டிருக்கா. நான் சொல்லிக் கொடுத்தபடியே! நேரா போறா. புத்திசாலிப் பொண்ணு.” மாமனாருக்குப் பெருமை தாங்கவில்லை. பெருமையில் கால் கொஞ்சம் கூடவே அழுந்தியது.

வெள்ளைக் காருக்குள் அதிகாரி சொன்னார்: “அடுத்த சந்திப்புல இடது பக்கம் திரும்புங்க.”

“அப்ப டபுள் இண்டிகேட்டரை அணைக்கட்டுமா சார்?”

“எதுக்கு அணைக்கணும்?”

“இடது பக்கம் திரும்பறேன்னு காட்டணுமே சார்.”

“இடது பக்க லைட்டும்தான் எரியுதே!”

“வலது பக்கமும் எரியுதே சார்.”

“பின்னால வர்றவன் இடது பக்கத்தை மட்டும் பார்க்கட்டும்.”

இதற்கு மேல் என்ன சொல்வது? மருமகள் வேகத்தைக் குறைத்தாள். பிரேக்கை மிதித்தாள். திரும்பினாள். பாதி திரும்பியிருப்பாள், பின்னாலிருந்து ‘டம்’ என்று ஒரு இடி. தொடர்ந்து, கடையில் அலமாரி சரிந்தது போலக் கண்ணாடி நொறுங்கிக் கொட்டுகிற சத்தம். மஞ்சள் போயிற்று, வெள்ளை போயிற்று, நீலம் போயிற்று. உள்ளே இருட்டாக, நிம்மதியாக ஆயிற்று.

அவளுக்குக் காயம் இல்லை. அதிகாரிக்கு மஃப்ளர் வாய்க்குள் போயிருந்தது.

“நேரா போறேன்னு நாலு லைட்டையும் போட்டுட்டு, நட்ட நடுவில திரும்பினா என்னய்யா அர்த்தம்?” என்று கத்திக்கொண்டே இறங்கினார் மாமனார். “லைசென்ஸ் எவன் கொடுத்தான் உனக்கு?” என்று, கோபத்தில் ஓட்டுவது யாரென்பதையே மறந்து ஜன்னலுக்குள் குனிந்தவர், மருமகளைப் பார்த்ததும் குரலை இறக்கினார். “அம்மாடி, அடிபட்டுதா?”

“இல்லை மாமா.”

“மாமாவா?” என்றார் அதிகாரி மஃப்ளரைத் துப்பிவிட்டு. “தெரியாத ஆளுன்னீங்க?”

“வெளிச்சத்துல தெரியலை சார்.”

அதிகாரி இறங்கிப் போய் மாமனார் முன்னால் நின்றார். இரண்டு பேரும் நடுரோட்டில், பனிக்குள், உடைந்த கண்ணாடி மேல்.

“நேரா போறேன்னு உங்ககிட்ட யார் சொன்னா? பனிக்காகப் போட்ட லைட் அது.”

“நாலும் எரிஞ்சா நேரான்னுதானே அர்த்தம்?”

“நாலும் எரிஞ்சா பனின்னு அர்த்தம்.”

“பனின்னுதான் பனியே சொல்லுதே, அதை நாம வேற சொல்லணுமா?”

“அப்ப நீங்க பனியில போட மாட்டீங்களா?”

“போடாம? மழைக்கும் போடுவேன். மேகம் கூடினாலே போடுவேன்.”

அதிகாரியின் முகம் இளகியது. “ரோட்டுல போற நூறு பேர்ல ஒருத்தருக்குக் கூட அந்தப் பொறுப்பு இல்லை சார்.”

“உங்களை மாதிரி பெரியவங்க எடுத்துச் சொல்லணும்.”

“நீங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்க?”

“லைட் வியாபாரம்.”

“அதான் பார்த்தேன்!”

கை குலுக்கிக்கொண்டார்கள். பிறகு இரண்டு பேரும் ஒருமனதாக மருமகள் பக்கம் திரும்பினார்கள். “பிரேக்கைக் கொஞ்சம் பதமா மிதிச்சிருக்கலாம்மா” என்றார் அதிகாரி. “அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்” என்றார் மாமனார்.

மருமகளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. போயிற்று, எல்லாம் போயிற்று. திங்கட்கிழமை அந்த இன்னொருத்தி போய் உட்காரப்போகிறாள். இவள் கல்யாண மண்டபத்தில் உட்காரப்போகிறாள். ஏதாவது கேட்டுவிடலாம் என்று இறங்கியவள், ரோட்டைப் பார்த்ததும் கேட்க வந்ததை மறந்தாள்.

இரண்டு வண்டியும் சந்திப்பில் குறுக்கே நின்றன. ஒரு விளக்கும் எரியவில்லை.

“மாமா, டபுள் இண்டிகேட்டர் எங்கே?”

“எல்லாத்தையும் அணைச்சுட்டேன். அதான் வண்டி நின்னுடுச்சே. எதுக்கு வீணா பேட்டரி போகணும்?”

“நானும் எல்லாத்தையும் அணைச்சுட்டேன்” என்றார் அதிகாரி.

தூரத்தில் ஒரு கனத்த இன்ஜின் உறுமிக்கொண்டு வருவது கேட்டது. எங்கிருந்து என்று தெரியவில்லை. பனிக்குள் எல்லாப் பக்கத்திலிருந்தும் வருவது போலிருந்தது.

வார்டில் நோயாளிக்கு மூச்சு நின்றால் எழுகிற குரல் ஒன்று உண்டு. பெரிய டாக்டரே அதைக் கேட்டால் ஒதுங்கி நிற்பார். அந்தக் குரல் மருமகளிடமிருந்து வந்தது.

“ரோட்டை விட்டு இறங்குங்க! ரெண்டு பேரும்! அத்தை, கதவைத் திறந்து அந்தப் பக்கமா இறங்குங்க, இந்தப் பக்கம் இல்லை!”

“ஏம்மா, இவர் ஆபீஸர்...”

“இறங்குங்கன்னு சொன்னேன்!”

அதிகாரியின் மஃப்ளரைப் பிடித்து இழுத்தே ஓரத்துக்குத் தள்ளினாள். மாமனார் தானாகவே பள்ளத்தில் போய் நின்றார். அவள் ஓடிப்போய் மாமனாரின் வண்டிக்குள் கையை விட்டு அந்தச் சிவப்பு முக்கோணத்தை அழுத்தினாள். முன்பக்கம் செத்துப்போயிருந்தது. பின்பக்கம் இரண்டும் சிமிட்டின. திரும்பி ஓடி மாமியார் கையைப் பிடித்து ஓரத்துக்கு வந்ததும், பனியைக் கிழித்துக்கொண்டு லாரி வந்தது. டிரைவர் சிமிட்டலைப் பார்த்துவிட்டான். பிரேக் கிறீச்சிட, வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து வழுக்கி, மாமனாரின் பின்கதவுக்கு ஒரு சாண் தள்ளி ஒதுங்கிப் போயிற்று. போகிற போக்கில் டிரைவர் சொன்னது இங்கே எழுதத் தக்கதல்ல.

 அதிகாரி மஃப்ளரைத் திரும்பவும் காதைச் சுற்றிக் கட்டினார். மாமியார் மருமகளின் கையை விடவில்லை.

இப்போதாவது புரிந்திருக்கும் என்று மருமகள் நினைத்தாள். மூச்சு வாங்கிக்கொண்டே மாமனாரின் முகத்தைப் பார்த்தாள். அவர் முகத்தில் உண்மையாகவே ஒரு தெளிவு வந்திருந்தது.

“பார்த்தீங்களா சார்?” என்றார் மாமனார் அதிகாரியிடம். “டபுள் இண்டிகேட்டர் போட்டதாலதான் உசிரோட இருக்கோம். நான் எப்பவும் சொல்றது இதைத்தான்.”

“நானும் வண்டி எடுக்கும்போதே சொன்னேனே, போடுங்கன்னு!” என்றார் அதிகாரி. “அப்ப இந்தப் பொண்ணுதான் தயங்கிச்சு.”

“இப்பக் கத்துக்கிட்டா.”

“நல்லா கத்துக்கிட்டாங்க.”

மாமியார் தலையில் அடித்துக்கொண்டாள். “அட ராமா” என்று தொடங்கி, யாரைக் கூப்பிட்டும் பயனில்லை என்று பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள்.

வண்டிகளை ஓரம் கட்டிவிட்டு அதிகாரி வெள்ளைக் காரின் பின்பக்கத்தைச் சுற்றிப் பார்த்தார். பெரிய அடி இல்லை. ஆனாலும் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. டெஸ்ட் நடக்கும்போது விபத்து என்றால் மேலிடத்தில் கேள்வி வரும். என்ன விளக்கு எரிந்தது, யார் போடச் சொன்னது, பனியில் எதற்கு டெஸ்ட் வைத்தாய் என்று ஒன்றன் பின் ஒன்றாக வரும். இதெல்லாம் அவர் முகத்தில் வரிசையாக ஓடியதை மருமகள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“இந்தப் பள்ளம் பழசுதான்” என்றார் கடைசியில்.

“ரொம்பப் பழசு சார்” என்றார் மாமனார்.

“அப்ப விபத்துன்னு ஒண்ணும் நடக்கலை.”

“நடக்கலை.”

“விபத்து நடக்காத டெஸ்ட்ல ஒருத்தரை எப்படி ஃபெயில் பண்றது?” என்றாள் மாமியார், யாரையும் பார்க்காமல்.

அதிகாரி யோசித்தார். வேறு வழி எதுவும் அவருக்குத் தெரியவில்லை. “பாஸ்தான்” என்றார். உடனே அதிகார தோரணை திரும்பி வந்துவிட்டது. “சொன்னபடி கேட்டாங்க. அவசரத்துல வேண்டிய லைட்டை மறக்காமப் போட்டாங்க. அதுக்காகத்தான் கொடுக்கறேன். ஆனா இனிமே பனியில டபுள் இண்டிகேட்டர் போட யாரும் சொல்லணும்னு காத்திருக்கக் கூடாது. என்ன?”

மருமகளின் நாக்கு நுனியில் முழுப் புத்தகமும் வந்து நின்றது. ஓடுகிற வண்டிக்கும் நிற்கிற வண்டிக்கும் உள்ள வித்தியாசம், எது எதற்கு, ஏன், எல்லாம். அதிகாரியின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் அதெல்லாம் போய் உட்கார இடமே இல்லை.

“சரி சார்” என்றாள்.

ஆபீஸுக்குத் திரும்பும்போது அவளே ஓட்டினாள். இறக்கிப் போட்ட விளக்கோடு, எதையும் சிமிட்டாமல்.  அதிகாரி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பின்னால் மாமனாரின் வண்டி முன்விளக்கே இல்லாமல், இவளுடைய பின்சிவப்பைப் பிடித்துக்கொண்டு, பசுவுக்குப் பின்னால் கன்று போல வந்தது.

கையெழுத்து, முத்திரை எல்லாம் ஆயிற்று. லைசென்ஸ் கைக்கு வந்ததும் மருமகள் நேரே மாமனாரிடம் போய்க் கையை நீட்டினாள்.

“சாவி கொடுங்க மாமா.”

“நீ ஓட்டப்போறியா? ஓட்டு, ஓட்டு. லைசென்ஸ் வந்த அன்னைக்கே ஓட்டணும்.”

சாவியை வாங்கினாள். பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். பெஞ்சில் உட்கார்ந்தாள்.

“என்னம்மா உட்கார்ந்துட்டே? கிளம்பலாம்.”

“பனி விலகட்டும்.”

“அது எப்ப விலகறது?”

“விலகும்போது.”

“வண்டிக்கு என்ன? இன்ஜின் நல்லா இருக்கே.”

“முன்னால ஒரு லைட்டு கூட இல்லை மாமா.”

“பகல்தானேம்மா! பகல்ல எதுக்கு லைட்டு?”

இவ்வளவு நாளும் வெளிச்சத்துக்காகவே வாழ்ந்த மனுஷன் வாயிலிருந்து இது வந்ததைக் கேட்டு மாமியாருக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. “ஏங்க, கடையை மூடினப்புறம் கட்சியே மாறிட்டீங்களே!”

“டபுள் இண்டிகேட்டர் பின்னால எரியுதில்லே, அதைப் போட்டுக்கிட்டு...”

“மாமா.” அந்த வார்டுக் குரல் இல்லை, அதற்கு ஒரு படி கீழே. “இந்த வண்டிக்கு இப்ப லைசென்ஸ் உள்ள டிரைவர் ரெண்டு பேர். ஒருத்தர் இன்னைக்கு ஒரு வண்டியை இடிச்சிருக்கார். சாவி இன்னொருத்தர்கிட்ட இருக்கு.”

“விபத்தே நடக்கலைன்னுதானே முடிவாச்சு?”

“ஆபீஸுக்கு நடக்கலை. வீட்டுக்கு நடந்திருக்கு.”

மாமனார் பெஞ்சின் மறுமுனையில் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார். மாமியார் நடுவில் உட்கார்ந்து, பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்து மருமகளுக்கு இரண்டு கொடுத்தாள். யோசித்துவிட்டு அந்தப் பக்கமும் ஒன்று நீட்டினாள்.

மருமகளின் போன் அடித்தது. புது வேலை இடத்து மேலாளர்.

“என்னம்மா, ரிசல்ட் என்ன ஆச்சு?”

“பாஸ் சார். லைசென்ஸ் கையில இருக்கு.”

“ரொம்ப சந்தோஷம்! திங்கட்கிழமை வந்துடுங்க. இல்லேன்னா ஒண்ணு பண்ணுங்க, இன்னைக்கே ஒரு எட்டு வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடுங்களேன்.”

“பனி அடர்த்தியா இருக்கு சார். வண்டியில லைட்டும் சரியில்லை. விலகினதும் வரேன்.”

“அட, இதுக்குப் போய் உட்கார்ந்திருப்பாங்களா? டபுள் இண்டிகேட்டரைப் போட்டுக்கிட்டு மெதுவா வந்துட வேண்டியதுதானே!”

மருமகள் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு நிமிஷம் பார்த்தாள். “திங்கட்கிழமை வரேன் சார்” என்று வைத்துவிட்டாள்.

“யாரும்மா அது?” என்றாள் மாமியார்.

“இன்னொரு மாமனார், அத்தை.”